ஏழு ஜென்மத்து மாப்பிள்ளை

கராட்
அதிக ஜ்யேஷ்டம், தேய்பிறை நவமி

வாயி ஊரில் ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி தனாஜி பிசாலுக்கு, உன் அக்காள் கணவன் ஜோதிராம் சாளுங்கே ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம், மாவு மில்லும் நலம். அங்கே நீயும் ரத்னாவும் இரண்டு எருமைகளும் நலமாக இருக்கப் பாண்டுரங்கன் பார்த்துக்கொள்வானாக. மரியாதை முடிந்தது. இனி விஷயம்.

நீ எனக்கு அநியாயம் செய்துவிட்டாய். அதிக மாதம் பிறந்து முக்கால்வாசி தேய்ந்துவிட்டது. வீட்டு மாப்பிள்ளையாகிய என்னை நீ இன்னும் விருந்துக்கு அழைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிற உபரி மாதம் இது. இதில் கல்யாணம் இல்லை, கிருகப்பிரவேசம் இல்லை, பூணூல் இல்லை. மாப்பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்துப் புரண்போளி போட்டு, தாமிரத் தட்டில் அனர்சாப் பலகாரம் முப்பத்து மூன்று அடுக்கி, அதன்மேல் விளக்கை ஏற்றிக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு நல்ல காரியமே இந்த மாதத்துக்குக் கிடையாது. ஒரே ஒரு வேலை உள்ள மாதத்தில் அந்த ஒரு வேலையையும் ஒருவன் செய்யவில்லை என்றால் அதை மறதி என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?

கோபத்தில் உன்னை 'நீங்கள்' என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை ஒத்துழைக்கவில்லை. ஆகவே 'நீ' என்று இருப்பதைப் பார்த்துக் கோபம் குறைவு என்று நினைத்துவிடாதே. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அக்காள் புருஷனுக்குரிய மரியாதையோடு "தாஜி, சரியா கேக்கல, எருமை கத்துது" என்பாய். எழுத்துக்கு முன்னால் எருமை கத்தினாலும் எழுத்து அப்படியே இருக்கும்.

உன் மேல் எனக்கு நன்றி இல்லை என்று நீ நினைக்கக் கூடாது. மழை வருஷத்தில் கிருஷ்ணா நதி என் மில்லுக்குள் வந்து மோட்டாரை முழுங்கியபோது டிராக்டர் கட்டி இழுத்து வந்து அதை வெயிலில் பிரித்துப் போட்டு உலர்த்தியவன் நீ. உன் அக்காள் ஹௌசா படுக்கையில் கிடந்த நாட்களில் உன் எருமைகளை உன் தலையில் கட்டிவிட்டு ரத்னா இங்கேயே வந்து இருந்தாள். தினமும் தலை வாரிவிட்டு, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டி, "அண்ணி, இன்னொரு வாய் சாப்பிட்டா வாயி ஊர்ல நடக்கிற வம்பெல்லாம் சொல்றேன்" என்று ஆசை காட்டுவாள். வம்பு கேட்கவே ஹௌசா பாதிக் கிண்ணம் குடிப்பாள். இதற்கெல்லாம் நான் உங்கள் இருவருக்கும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஆனால் நான் மாவு மில் நடத்துகிறவன். ஒருவர் டப்பாவை இன்னொருவர் டப்பாவோடு கலந்ததில்லை. நன்றி அந்த டப்பா, குற்றம் இந்த டப்பா.

ஊரார் சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பார்த்து விரதம் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு நாட்காட்டி டப்பாவில் வரும். ராஜ்கீரா என்கிற கீரைவிதை வந்தால் ஏகாதசி விரதம். ஈரம் காயாத அரிசி வந்தால் கணபதிக்கு மோதகம். வறுத்த பருப்பும் தனியாவும் மணக்க மணக்க வந்தால் தீபாவளிச் சக்லி முறுக்கு. இந்த மாதம் முதல் நாளிலிருந்து வந்ததெல்லாம் அனர்சா அரிசி. மூன்று நாள் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் புளிப்பு வாசனையோடு வரும் அந்த அரிசி. ஒவ்வொரு டப்பாவுக்குப் பின்னாலும் ஒரு மாப்பிள்ளை. கராட்டிலுள்ள எல்லா மாப்பிள்ளைகளுக்கும் என் கல்லில் மாவு அரைத்து அனுப்பிக்கொண்டு, நான் மட்டும் போன் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மில் சத்தத்தில் போன் கேட்காது என்று பாதியில் நிறுத்தி நிறுத்தி அரைத்ததில் இரண்டு பேர் மாவு நரநரவென்று போய்விட்டது. அதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

எதிர்வீட்டு மாலன்பாயை உனக்குத் தெரியும். அவள் காதில் போட்டால் ஆற்றுக்கு அக்கரைக்கும் போய்விடும். வளர்பிறை ஐந்தாம் நாள் அவள் டப்பாவை வைத்துவிட்டு, "அண்ணா, வாயி ஊர்லேருந்து அழைப்பு வந்தாச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "வந்துச்சு. நான்தான் இன்னும் நாள் சொல்லல" என்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்க. நீங்க நாள் பாக்கறதுக்குள்ள மாசம் தீந்துடும். அப்புறம் மூணு வருஷம் பல்லு தாங்கணுமே."

என் பல்லைப் பற்றி அவளுக்கு என்ன? "வர்ற செவ்வாக்கிழமை போறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அடுத்த இக்கட்டு. செவ்வாய்க்கிழமை காலையில் சலவை வேட்டியும் தொப்பியும் பையுமாக நான் வாசலைத் தாண்டுகிறேன், அவள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "இன்னிக்கு ஏகாதசி ஆச்சே அண்ணா. புரண்போளிய கண்ணால பாத்துட்டு வரப்போறீங்களா?" என்கிறாள். யோசித்துப் பார். பஞ்சாங்கத்தை யாரிடமும் கேட்காமல் தானே எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவன் நான். எந்தத் திதி எத்தனை நாழிகைக்கு முடிகிறது என்று கோயில் குருக்கள் வந்து என்னைக் கேட்பார். அப்படிப்பட்டவன் பொய் சொல்ல நாள் பார்த்தபோது ஏகாதசியைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதத்தில் உன்னால் என் புத்தி எந்த நிலைமைக்கு வந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

"எங்க ரத்னா விரதப் புரண்போளி பண்ணுவா" என்றேன். "ராஜ்கீரா மாவுல. உள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பூரணம்."

மாலன்பாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்படி ஒண்ணு இருக்கா?"

"வாயி ஊர்ல எல்லாரும் பண்றதுதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சாத்தாரா பஸ் நிலையத்தில் இறங்கி, வாயி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். அழைக்காத வீட்டுக்குப் போகிறவன் நானில்லை. ஆனால் ஊருக்குச் சொன்ன சொல்லுக்காகப் பாதி தூரமாவது வர வேண்டுமல்லவா? விரதத்துக்காக அங்கே வாங்கித் தின்ற ஜவ்வரிசிக் கிச்சடி உருண்டு திரண்டு நெஞ்சுக்குழியில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "வாயி, வாயி, வாயி" என்று கத்திவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"பெரியவரே, பையோட உக்காந்துட்டு எங்க பஸ்ஸையே பாத்துட்டிருக்கீங்க. ஏறுறீங்களா இல்லையா?"

"எனக்கு அழைப்பு வரலப்பா."

"பஸ்ஸுக்கு என்னங்க அழைப்பு? தொண்டை கிழிய நான்தான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

இந்த மாதத்தில் என்னை வாயிக்கு வா என்று கூப்பிட்ட ஒரே மனிதன் அந்தக் கண்டக்டர். அவன் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அவனுக்கும் இந்தக் கடிதத்தில் என் நன்றி.

சாயங்காலம் அங்கேயே பேடா வாங்கிக்கொண்டு திரும்பினேன். மாலன்பாய் வாசலிலேயே இருந்தாள். "வாயி பேடா டப்பாவுல சாத்தாரான்னு போட்டிருக்கு" என்றாள். வழியில் வாங்கியது என்றேன். அது பொய் இல்லை. அதோடு முடிந்ததா? மறுநாளே ஐந்தாறு வீட்டுப் பெண்கள் ராஜ்கீராவோடு வந்துவிட்டார்கள். விரத மாவு அரைக்க வேண்டுமானால் கல்லைத் துடைக்க வேண்டும், பழைய கோதுமைப்பொடி ஒரு துளி இருக்கக் கூடாது, முதல் கைப்பிடியை எடுத்துக் கொட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் சொன்ன பொய்க்கு நானே கல் துடைத்தேன். சங்கஷ்டி சதுர்த்தி அன்று நிலா உதிக்கும்வரை பசியோடு இருக்கிற பெண்கள் பகலில் அந்தப் போளியைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மாலன்பாய் தோசைக்கல்லையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். போளி கல்லோடு கல்லாக ஒட்டிக் கரிந்து கிடந்தது.

"உங்க மச்சினர் பொண்டாட்டி ஏதோ ஒண்ண சொல்லாம விட்டிருக்கா அண்ணா. கேட்டு எழுதி வாங்குங்க. என் மாப்பிள்ளை இதப் பாத்துட்டு, அத்தைக்கு என்மேல என்ன கோவம்னு கேக்கறார்."

எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வீம்புக்கு நானே அனர்சா செய்து நானே தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றுகூடப் பார்த்தேன். ஊரெல்லாம் மாவு கொடுத்தவனுக்கு அது தெரியாதா? தெரியவில்லை. வெல்லம் கலந்து, ஒரு பக்கம் மட்டும் கசகசா ஒற்றி, நெய்யில் போட்டேன். போட்டதும் அது பல்லை இளித்துப் பிரிந்து சட்டி முழுவதும் பரவியது. இங்கே பெண்கள் இதை 'அனர்சா சிரித்துவிட்டது' என்பார்கள். ஒன்று மிச்சமில்லாமல் எல்லாம் சிரித்தன. எழுபது வயதில் நெய்ச்சட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆகிவிட்டது.

இந்தப் பக்கம் என் மகள் நந்தாவும் மருமகன் பிரபாகரும் சாங்கிலியிலிருந்து வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களாவது என் நிலைமையைப் புரிந்துகொண்டார்கள். நந்தா வந்ததும் சுவரைப் பார்த்து, "அப்பா, இது என்ன மாசம்னு ஞாபகம் இருக்கா?" என்பாள். "எனக்கு இருக்கும்மா. இருக்க வேண்டியவங்களுக்கு இல்ல" என்பேன். அவள் தாயைப் போலவே பெருமூச்சு விடுவாள். பிரபாகர் தங்கமான பிள்ளை, மாம்பழக் கூடையோடு வந்து மூலையில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்ப்பான், தொண்டையைச் செருமுவான். "மாமா, இந்த மாசம்…" என்று ஆரம்பிப்பான். "ஆமாப்பா, வெயில் ஜாஸ்தி" என்று சொல்லி ஓமமும் மஞ்சளும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். நாலு தடவை குடித்துவிட்டான். இருமல் நின்றபாடில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். ஹௌசா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் இல்லாத முதல் அதிக மாதம் இது. தட்டையும் விளக்கையும் தம்பதியை ஜோடியாக உட்கார வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம், பக்கத்தில் பெண் இல்லாதவனைக் கூப்பிட்டு எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டீர்களா? ஹௌசா போனதோடு உங்கள் வீட்டில் என் முறையும் போய்விட்டதா? ராத்திரி பகலாக என்னைக் குடைவது போளி அல்ல, இதுதான்.

அப்படி நினைத்திருந்தால் இரண்டு விஷயம் சொல்கிறேன், பதில் சொல். போன தீபாவளியில் பாவுபீஜ் அன்று, தம்பிக்கு அக்காள் ஆரத்தி எடுக்கும் நாளில், ஆரத்தி எடுக்க அக்காள் இல்லாத வீட்டுக்கு நீ வந்தாய். நான் எதிர்பார்க்கவில்லை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து பலகையைத் தேடி எடுத்து நீயே போட்டு உட்கார்ந்தாய். நந்தா விளக்கைச் சுற்றினாள். தட்டில் வழக்கம்போல அக்காளுக்குப் புடவை வைத்தாய். நான் மில்லுக்குள் போய்ச் சும்மா மோட்டாரை ஓடவிட்டு நின்றேன். அக்காள் இல்லாதபோது நீ தம்பியாக இருக்கலாம், மனைவி இல்லாதபோது நான் மாப்பிள்ளையாக இருக்கக் கூடாதா?

இரண்டாவது. வருஷா வருஷம் ஜ்யேஷ்ட பௌர்ணமியில் உன் அக்காள் சங்கமத்து ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டி, ஏழு ஜென்மத்துக்கும் இந்தப் புருஷனே வேண்டும் என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் விரதமிருந்து கேட்டாள். அவள் கேட்டது எனக்காக மட்டும்தானா? நான் அவளுக்குப் புருஷன் என்றால் உங்களுக்கு மாப்பிள்ளை. ஏழு ஜென்மத்துக்கு என்னை உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போட்டிருக்கிறாள். முதல் ஜென்மமே இன்னும் முடியவில்லை, நான் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் என்னை நீக்க நீ யார்?

கிருஷ்ணா நதி உன் வீட்டுப் படித்துறையைத் தொட்டுவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. அதை நான் அழைக்கவில்லை, தினமும் வருகிறது. அதைப் பார்த்தாவது உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது. நாளை மறுநாள் ஏகாதசி, அன்று வேண்டாம். துவாதசிக்கு நீ உன் சொந்தக் குரலில், எருமைகளை விட்டுத் தள்ளி நின்று, போன் செய்து "தாஜி, வாங்க" என்று சொல்ல வேண்டும். ரத்னா அனர்சா சுட வேண்டும், முப்பத்து மூன்றும் சிரிக்காமல். மாலன்பாய்க்காக அந்த விரதப் போளிக்கு ஒரு செய்முறையை ரத்னா கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும், அது வாயி ஊர்ப் பழக்கம் என்று அடியில் எழுதியும் தர வேண்டும். நீங்கள் இதைச் செய்யும்வரை நான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இதில் மாற்றமில்லை.

உன் பயிருக்கு நேரத்தில் மழையும், எருமைகளுக்குப் பாலும், ரத்னாவின் முழங்கால் வலிக்குச் சுகமும் உண்டாகட்டும். வீட்டில் சின்னவர்கள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
இன்னும் உன் தாஜி,
ஜோதிராம் சாளுங்கே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நந்தா வந்துவிட்டாள். தபாலில் சேர்க்கக் கொடுத்தால் பிரித்துப் படிக்கிறாள். படித்துவிட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அனர்சா மாதிரி. நான் கோபித்துக்கொண்டதும் சொன்னாள்.

"அப்பா, மாமா என்னிக்கு உங்களக் கூப்பிட்டிருக்கார்? ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல. அம்மாதான் நாள் பாத்து போன எடுத்து, 'தனா, வியாழக்கெழம வர்றோம், பருப்ப ஊறப் போடச் சொல்லு'ம்பா. நான் பக்கத்துலயே நின்னிருக்கேன். போன வச்சுட்டு மில்லுக்கு வந்து உங்ககிட்ட, 'தம்பி ரொம்ப வருந்தி வருந்திக் கூப்பிடறான், என்ன சொல்லட்டும்'னு கேப்பா. நீங்க, 'யோசிச்சு சொல்றேன்'பீங்க. மாமாவும் ரத்னா அத்தையும் பாவம், இப்பவும் அந்த போனுக்குத்தான் காத்திருப்பாங்க. அத்தை அரிசி ஊறவச்சு ரெண்டு வாரமாச்சாம், நேத்து என்கிட்டயே கேட்டாங்க, அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு அதிக மாதத்திலும் நான் யோசித்துச் சொல்லியிருக்கிறேன். ஹௌசா என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு நந்தா கேட்டாள், "சரி, உங்க வீட்டு மாப்பிள்ளைய நீங்க கூப்பிட்டீங்களா?" நான் கஷாயப் பாத்திரத்தை எடுத்தேன். "அவர் தொண்டையில ஒண்ணுமில்லப்பா. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார். இன்னொரு கஷாயம் கொடுத்தீங்கன்னா சாங்கிலிக்கே ஓடிடுவார்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. செய்ய வேண்டியது இதுதான். பருப்பை ஊறப் போட வேண்டாம், அதை இங்கேயே போட்டுக்கொள்கிறோம். துவாதசிக்கு நீயும் ரத்னாவும் ஊறிய அனர்சா மாவோடு காலை பஸ்ஸில் கராட்டுக்கு வர வேண்டும். கண்டக்டரைப் பார்த்தால் பெயர் கேட்டு வா. பிரபாகரை நான் இன்றே முறையாக அழைப்பேன், அவன் யோசித்துச் சொல்லட்டும். அனர்சாவை ரத்னா சுடுவாள், மாலன்பாய் பார்த்துக் கற்றுக்கொள்வாள், விரதப் போளியைப் பற்றி அவளிடம் நான் உண்மையைச் சொல்வேன், அந்த நேரத்தில் ரத்னா என் பக்கத்தில் நிற்க வேண்டும். பிரபாகருக்கும் நந்தாவுக்கும் நான் விளக்கும் தட்டும் கொடுப்பேன், எனக்கு நீ கொடுப்பாய். என் பக்கத்துப் பலகையில் பாவுபீஜுக்கு நீ கொண்டுவந்த அந்தப் புடவையை நந்தா மடித்து வைப்பாள். அடுத்த மாதம் நிஜ ஜ்யேஷ்டப் பௌர்ணமி. பெண்களெல்லாம் ஆலமரத்துக்கு வருவார்கள். ஹௌசாவின் நூலை இந்த வருஷம் சுற்ற வேண்டியது நான். ஆண்பிள்ளை சுற்றக் கூடாது என்று நான் படித்த எந்தப் பஞ்சாங்கத்திலும் எழுதவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.